பெரிய எக்செல் கோப்பைப் பகுதி பகுதியாகப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்தாயிரம் வரிசை உள்ள எக்செல் கோப்பை எப்படிப் படித்தாலும் வேலை நடந்துவிடும். அதே நிரலிடம் ஐந்து லட்சம் வரிசையைக் கொடுத்துப் பாருங்கள். மெமரி நிரம்பும், கணினி திணறும், நிரல் பாதியில் நின்றுபோகும். பகுதி பகுதியாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வரும். எண்ணம் சரிதான். ஆனால் அதைச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மெமரியையும் நேரத்தையும் சேர்த்துக் காப்பாற்றும். மற்றொன்று மெமரியைக் காப்பாற்றிவிட்டு நேரத்தை விழுங்கும். பார்க்க எளிதாக இருப்பதால் பலர் முதலில் கைவைப்பது இரண்டாவதில்தான்.

இங்கே முதல் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம். கருவி, பைத்தானின் ஓப்பன்பைஎக்செல் (openpyxl) லைப்ரரி. பைத்தான் 3.12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் நல்லது. காரணம் போகப் போகத் தெரியும். வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் அடிப்படை ஒன்றே. அவர்களுக்கான கருவிகளைக் கடைசியில் சொல்கிறேன்.

கோப்புக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள்

நிரல் எழுதும் முன் இதைச் செய்துவிடுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு ஒன்றை நகலெடுத்து, அதன் பெயரின் வால்பகுதியை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே கோப்புறைகளும் எக்ஸ்எம்எல் கோப்புகளும் தெரியும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி எக்ஸ்எம்எல் இருக்கும். அதோடு ஷேர்டுஸ்ட்ரிங்ஸ் என்று இன்னொரு கோப்பு பெரும்பாலும் இருக்கும்.

ஷீட்டின் எக்ஸ்எம்எல்லைத் திறந்து ஒரே ஒரு வரிசையை மட்டும் பாருங்கள். வரிசைக்கு ஒரு ரோ டேக், அதற்குள் கட்டத்துக்கு ஒரு சி டேக், அதற்குள் மதிப்பு இருக்கும் வி டேக். எண்ணாக இருந்தால் அந்த எண் அப்படியே இருக்கும். எழுத்தாக இருந்தால் கதை வேறு: சி டேகில் டி என்ற பண்புக்கு எஸ் என்று மதிப்பு கொடுத்திருக்கும், வி-க்குள் 17 என்று மட்டும் இருக்கும். ஷேர்டுஸ்ட்ரிங்ஸ் பட்டியலில் பூஜ்யத்திலிருந்து எண்ணி 17ஆவது இடத்தில் உள்ள சொல்லை எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். ஒரே ஊர்ப் பெயர் லட்சம் தடவை வந்தாலும் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கும்.

பின்னால் வரப்போகும் எல்லாமே இந்த அமைப்பிலிருந்து பிறப்பதுதான். நான்கு லட்சமாவது வரிசை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் குறிப்பு எதுவும் கோப்பில் கிடையாது. அங்கே போக வேண்டுமானால் முதல் வரிசையிலிருந்து சுருக்கத்தை விரித்துக்கொண்டே நடந்துதான் போக வேண்டும். அப்புறம், எழுத்துக் கட்டங்களைப் புரிந்துகொள்ள ஷேர்டுஸ்ட்ரிங்ஸ் பட்டியல் முழுவதும் கையில் இருக்க வேண்டும். ஓப்பன்பைஎக்செல் அதை முதலிலேயே மெமரியில் ஏற்றிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் வேறு வேறு நீண்ட விளக்கம் எழுதப்பட்ட கோப்பு என்றால், எவ்வளவு சின்னப் பகுதியாகப் படித்தாலும் மெமரி ஓரளவுக்குக் கீழே இறங்காது. காரணம் இந்தப் பட்டியல்தான்.

கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறவும் கூடாது. எக்ஸ்எம்எல் நன்றாகச் சுருங்கக்கூடியது. சாதாரண முறையில் திறந்தால் கோப்பின் அளவைப் போல ஏறத்தாழ 50 மடங்கு மெமரி பிடிக்கும் என்று ஓப்பன்பைஎக்செல் ஆவணமே சொல்கிறது. 50 எம்பி கோப்புக்கு 2.5 ஜிபி.

திறக்கும் முறை

லோட்_ஒர்க்புக் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கொடுங்கள்: ரீட்_ஒன்லி ட்ரூ, டேட்டா_ஒன்லி ட்ரூ.

ரீட்_ஒன்லி கொடுத்தால் லைப்ரரி கட்டங்களை மெமரியில் அடுக்கி வைக்காது. நீங்கள் கேட்கக் கேட்க ஒவ்வொரு வரிசையாக எக்ஸ்எம்எல்லிலிருந்து எடுத்துத் தரும். கொடுத்துவிட்டு மறந்துவிடும். இந்த முறையில் திறந்த ஷீட்டில் குறிப்பிட்ட ஒரு கட்டத்தை நேரடியாகப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து தேடும். ஐட்டர்_ரோஸ் கொண்டு வரிசைக்கிரமமாகப் போவது ஒன்றே இதற்குப் பொருத்தமான வழி.

டேட்டா_ஒன்லி கொடுத்தால் சூத்திரத்துக்குப் பதில் அதன் விடை கிடைக்கும். அந்த விடையை லைப்ரரி கணக்கிடுவதில்லை. எக்செல் கடைசியாகச் சேமித்தபோது எழுதி வைத்ததை எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். வேறொரு நிரல் உருவாக்கி, எக்செல்லில் ஒருமுறைகூடத் திறந்து சேமிக்காத கோப்பாக இருந்தால் அந்தக் கட்டங்கள் நன் (None, பைத்தானில் மதிப்பு இல்லை என்பதற்கான குறி) என்று வெறுமையாக வரும். சூத்திரம் இருந்தும் மதிப்பு வரவில்லையே என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வேலை முடிந்ததும் ஒர்க்புக்கை குளோஸ் செய்யுங்கள். ரீட்_ஒன்லி முறையில் கோப்பு கடைசிவரை திறந்தே இருக்கும். மூடாமல் விட்டால் விண்டோஸில் அந்தக் கோப்பை நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. நிரல் நடுவில் பிழை விட்டாலும் மூடப்பட வேண்டும் என்பதால் ட்ரை, ஃபைனலி அமைப்புக்குள் வைப்பது நல்லது.

ஒரே ஓட்டம், கையில் சேரும்போது பகுதி

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பகுதியாகப் படிப்பது என்றதும் பலருக்குத் தோன்றுவது இப்படி: முதலில் 2 முதல் 5,001 வரை கேள், அப்புறம் 5,002 முதல் 10,001 வரை கேள், இப்படியே போ. ஐட்டர்_ரோஸில் தொடக்க வரிசையைச் சொல்ல மின்_ரோ, கடைசி வரிசையைச் சொல்ல மேக்ஸ்_ரோ இருப்பதால் எழுதவும் சுலபம். தரவை அலசும் இன்னொரு பைத்தான் லைப்ரரியான பாண்டாஸில் ரீட்_எக்செல் பயன்படுத்துபவர்கள் ஸ்கிப்ரோஸ் (எத்தனை வரிசையைத் தாண்ட வேண்டும்), என்ரோஸ் (எத்தனை படிக்க வேண்டும்) இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து இதையே செய்கிறார்கள். விடை சரியாகவே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து லட்சம் வரிசை, பகுதிக்கு 5,000 என்றால் 100 பகுதிகள். கோப்பில் நேராகத் தாவ வழியில்லை என்று பார்த்தோம். ஆக இரண்டாவது பகுதிக்கு 10,000 வரிசை நடக்க வேண்டும், மூன்றாவதுக்கு 15,000, நூறாவதுக்கு ஐந்து லட்சம். மொத்தம் கூட்டினால் 2,52,50,000 வரிசை. படிக்க வேண்டியது ஐந்து லட்சம், நடப்பது இரண்டரைக் கோடி. ஒவ்வொரு பகுதிக்கும் கோப்பையே மூடித் திறக்கும் நிரல் என்றால் ஷேர்டுஸ்ட்ரிங்ஸ் பட்டியலும் 100 தடவை ஏறி இறங்கும். முதல் சில பகுதிகள் மளமளவென்று ஓடி, போகப் போக நிரல் மெதுவாகிக்கொண்டே போகிறது என்றால் அநேகமாகக் காரணம் இதுதான்.

மாற்று வழி இது. கோப்பை ஒரே முறை திறங்கள். ஐட்டர்_ரோஸை ஒரே முறை கூப்பிடுங்கள். அது தருவது ஒரு ஜெனரேட்டர், அதாவது கேட்டால் அடுத்த வரிசையைத் தரும், கேட்காவிட்டால் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். அதிலிருந்து இரண்டாயிரம் வரிசையை எடுத்து வேலையை முடியுங்கள், அடுத்த இரண்டாயிரத்தை எடுங்கள். கோப்பில் நீங்கள் நிற்கும் இடம் தொலைவதே இல்லை, பின்னால் போக வேண்டியதும் இல்லை. எத்தனை பகுதியாகப் பிரித்தாலும் மொத்த நடை ஐந்து லட்சம்தான்.

பைத்தான் 3.12 முதல் ஐட்டர்டூல்ஸில் பேட்ச்டு என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. எலும்புக்கூடு இவ்வளவுதான் (உண்மையான நிரலில் பைத்தான் சொற்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள்):

வரிசைகள் = ஷீட்.ஐட்டர்_ரோஸ்(மின்_ரோ=2, வேல்யூஸ்_ஒன்லி=ட்ரூ)
எண்ணிட்டவை = எனுமரேட்(வரிசைகள், ஸ்டார்ட்=2)
ஃபார் பகுதி இன் பேட்ச்டு(எண்ணிட்டவை, 2000):
    சேமி(பகுதி)

பழைய பைத்தானில் இருப்பவர்கள் பேட்ச்டுக்குப் பதில் ஐஸ்லைஸ் கொண்டு அதையே செய்யலாம். காலிப் பட்டியல் வரும்வரை சுற்றினால் போதும்.

வேல்யூஸ்_ஒன்லி கொடுப்பதால் கட்டப் பொருள்களுக்குப் பதில் வெறும் மதிப்புகள் வரும், வேகமும் கூடும். எனுமரேட்டை 2-இலிருந்து தொடங்குவது ஏன் என்றால், தலைப்பு முதல் வரிசையில் இருக்கிறது, தரவு இரண்டாவதில் தொடங்குகிறது. "47,312ஆவது வரிசையில் தேதி தவறு" என்று நிரல் சொன்னால், கோப்பைத் தயாரித்தவர் எக்செல்லில் அதே எண்ணுக்குப் போய்ப் பார்க்க முடிய வேண்டும். நடுவில் வெற்று வரிசைகள் இருந்தாலும் ரீட்_ஒன்லி முறை அவற்றை நிரப்பித் தருவதால் இந்த எண் பிசகாது.

சேமி என்பது ஒவ்வொரு பகுதியையும் தரவுதளத்திலோ வேறு இடத்திலோ எழுத நீங்களே எழுதும் ஃபங்ஷன். அதற்குள் ஒரு கட்டுப்பாடு வேண்டும். படித்த பகுதிகளை எல்லாம் கடைசியில் சேர்க்கலாம் என்று வெளியே ஒரு பட்டியலில் போட்டுக்கொண்டே வராதீர்கள். அப்படிச் செய்தால் முழுக் கோப்பும் மறுபடி மெமரியில் வந்து உட்கார்ந்துவிடும், பகுதியாகப் படித்ததற்கே பொருள் இல்லாமல் போகும்.

பகுதியின் அளவு

வரிசை எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நெடுவரிசைகள் எத்தனை என்பதும் முக்கியம். பொதுவாக 1,000 முதல் 10,000 வரிசை சரியாக இருக்கும். அதற்கு மேல் கூட்டிப் பெரிய வேகம் எதுவும் கிடைக்காது, மெமரிதான் ஏறும்.

தரவுதளத்தில் எழுதுவதாக இருந்தால் அங்கே வேறொரு எல்லை இருக்கிறது. ஒரே இன்சர்ட் கட்டளையில் பல வரிசைகளைச் சேர்த்து அனுப்பும்போது அதில் எத்தனை பாராமீட்டர் (கட்டளையோடு அனுப்பும் ஒவ்வொரு மதிப்பும் ஒரு பாராமீட்டர்) இருக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 65,535. எஸ்க்யூஎல் சர்வரில் 2,100 மட்டுமே. 30 நெடுவரிசை உள்ள கோப்பில் 2,000 வரிசை என்றால் 60,000 பாராமீட்டர், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அடங்கிவிடும். அதையே 5,000 வரிசையாக்கினால் ஒன்றரை லட்சம், பிழை வரும். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு கட்டளைக்கு 70 வரிசைக்கும் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. அங்கே படிக்கும் பகுதியைப் பெரியதாகவே வைத்துக்கொண்டு, எழுதும்போது மட்டும் மேலும் சிறியதாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டின் அளவு பொய் சொல்லும்போது

ஷீட்டின் எக்ஸ்எம்எல்லில் ஆரம்பத்திலேயே டைமன்ஷன் என்று ஒரு டேக் இருக்கும்: தரவு எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம்வரை என்ற குறிப்பு. ரீட்_ஒன்லி முறை இதை நம்பிப் போகிறது. எக்செல் சேமித்த கோப்பில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மற்ற மென்பொருள்கள் ஏற்றுமதி செய்யும் கோப்புகளில் சில சமயம் இந்த இடத்தில் ஏ1 என்று மட்டும் இருக்கும். அப்படியானால் ஆயிரக்கணக்கான வரிசை இருந்தும் உங்கள் நிரல் ஒரே ஒரு கட்டத்தைப் படித்துவிட்டு, பிழை எதுவும் காட்டாமல் முடிந்துவிடும்.

தீர்வு, படிக்கத் தொடங்கும் முன் ஷீட்டின் ரீசெட்_டைமன்ஷன்ஸை ஒருமுறை கூப்பிடுவது. வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்புக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதற்குப் பிறகு வரிசைகள் ஒரே நீளத்தில் வராது. கடைசிக் கட்டங்கள் காலியாக உள்ள வரிசை குட்டையாக வரும். தலைப்பில் எத்தனை நெடுவரிசையோ அத்தனை வரும்வரை நன் கொண்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. யாரோ தரவுக்குக் கீழே ஷீட்டின் கடைசி வரிசைவரை உள்ள கட்டங்களுக்கு நிறமோ பார்டரோ போட்டிருப்பார்கள். தரவு 8,000 வரிசைதான், ஆனால் ஷீட் எக்செல்லின் எல்லையான 10,48,576 வரை நீளும். தொடர்ந்து ஐந்நூறு வெற்று வரிசை வந்தால் நிறுத்திவிடு என்று ஒரு விதி வைத்தால் போதும். ஒரே ஒரு வெற்று வரிசையைக் கண்டதும் நிறுத்தாதீர்கள். நடுவில் இடைவெளி விட்டுத் தரவு எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு.

தேதியும் நீண்ட எண்ணும்

எக்செல்லில் தேதி என்பது உள்ளே ஒரு எண். 2024 ஜனவரி 1 என்பது 45292. கட்டத்துக்குத் தேதி வடிவம் கொடுக்கப்பட்டிருந்தால் ஓப்பன்பைஎக்செல் அதைத் தேதியாக மாற்றித் தரும். வடிவம் கொடுக்காத கட்டத்திலிருந்து 45292 என்றே வரும். இன்னும் சில கட்டங்களில் யாராவது எழுத்தாகவே தட்டியிருப்பார்கள். ஒரே நெடுவரிசையில் மூன்றும் கலந்து வரும் என்று எதிர்பார்த்தே நிரல் எழுதுங்கள்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை எழுத்து வடிவம் கொடுக்காமல் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் வரும் பூஜ்யங்களும் அப்படியே காணாமல் போகும். இது கோப்பிலேயே போய்விட்டது, படிக்கும் நிரல் எதுவும் மீட்க முடியாது. கண்டுபிடித்துச் சொல்லலாம், அவ்வளவே.

பகுதிக்கும் பகுதிக்கும் இடையே உள்ள எல்லை

பிழைகள் ஒளிந்துகொள்ள மிகவும் வசதியான இடம் இது. சின்னக் கோப்பில் சோதிக்கும்போது ஒரே பகுதியில் எல்லாம் அடங்கிவிடுவதால் வெளியே தெரியாது.

இணைத்த கட்டங்களை எடுத்துக்கொள்வோம். துறையின் பெயர் ஒரே கட்டமாக முப்பது வரிசைக்கு இணைக்கப்பட்டிருக்கிறது. கோப்பில் முதல் வரிசையில் மட்டும்தான் அந்தப் பெயர் இருக்கும், மீதி 29-இலும் நன் வரும். மேலே உள்ளதைக் கீழே நிரப்பு என்று எழுதுவீர்கள், சரி. அந்த முப்பதில் பத்து வரிசை ஒரு பகுதியிலும் இருபது அடுத்த பகுதியிலும் விழுந்தால்? நிரப்பும் ஃபங்ஷன் ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகத் தொடங்கினால் அந்த இருபது வரிசைக்குத் துறையே இருக்காது. கடைசியாகக் கண்ட மதிப்பைப் பகுதிகளுக்கு வெளியே ஒரு மாறியில் வைத்து அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சராசரியும் இப்படித்தான். ஒவ்வொரு பகுதியின் சராசரியையும் எடுத்து அவற்றின் சராசரியைக் கண்டால், கடைசிப் பகுதி குட்டையாக இருக்கும்போது விடை தவறும். கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொண்டுபோய் முடிவில் வகுங்கள். இரட்டைப் பதிவுகளைத் தேடும்போதும் ஒரு பகுதிக்குள் மட்டும் பார்த்தால் போதாது. அடையாள எண்களை மட்டும் ஒரு செட்டில் சேர்த்துக்கொண்டே வரலாம், அல்லது தரவுதளத்தில் யூனிக் விதியை வைத்து அந்தப் பொறுப்பை அதனிடம் விட்டுவிடலாம். பெரிய கோப்புக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

சோதிக்கும்போது பகுதியின் அளவை 3 என்று வைத்து ஓட்டுங்கள். அப்புறம் 7, அப்புறம் கோப்பு முழுவதும் ஒரே பகுதி. மூன்றிலும் விடை ஒன்றாகவே வர வேண்டும். வராவிட்டால் எல்லையில் ஏதோ கசிகிறது.

பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து

ஒவ்வொரு பகுதியையும் தரவுதளத்தில் ஒரு டிரான்ஸாக்‌ஷனாக எழுதுங்கள். அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள், கடைசியாக முடித்த வரிசை எண்ணையும் ஒரு சிறிய டேபிளில் பதியுங்கள். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். தரவு எழுதி முடிந்து, எண்ணைப் பதியும் முன் மின்சாரம் போனால் அடுத்த முறை அதே பகுதி இரண்டாம் தடவை எழுதப்படும். ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருந்தால் இரண்டும் பதியும், அல்லது இரண்டும் பதியாது.

மறுபடி தொடங்கும்போது அந்த எண்ணுக்கு அடுத்ததை மின்_ரோவாகக் கொடுங்கள். முன்னால் உள்ள வரிசைகளை நிரல் கடந்துதான் வர வேண்டும், ஆனால் ஒரே ஒரு முறை என்பதால் பாதகம் இல்லை. எனுமரேட்டின் தொடக்க எண்ணையும் அதற்கேற்ப மாற்ற மறக்க வேண்டாம். இடையில் யாராவது கோப்பைத் திருத்தியிருந்தால் வரிசை எண்ணுக்கு மதிப்பில்லை. அதனால் முதலில் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹேஷையும் (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) சேர்த்துப் பதியுங்கள். ஹேஷ் மாறியிருந்தால் தொடர மறுத்துவிடுங்கள்.

ஒரு வரிசை கெட்டிருப்பதற்காக 2,000 வரிசையைத் தள்ளக் கூடாது. சரிபார்ப்பை எழுதுவதற்கு முன்பே செய்து, கெட்டவற்றை வரிசை எண்ணோடும் காரணத்தோடும் தனிக் கோப்பில் ஒதுக்குங்கள்.

முடிந்ததும் கணக்குப் பாருங்கள். படித்த வரிசைகள், எழுதியவை, ஒதுக்கியவை, வெற்றானவை: பின்னவை மூன்றும் கூடி முதலாவதற்குச் சமமாக வர வேண்டும். கோப்பைத் தந்தவரிடம் மூலத்தில் எத்தனை பதிவு என்று கேட்டு அதோடும் ஒப்பிடுங்கள். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் வந்தவை ஓசையின்றி உதிர்ந்துவிட்டன. தொடர்பில் இருந்தவர்களுக்குத் தகவல் போகத் தாமதமானது. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று ஒப்பிடும் ஒரு வரி நிரல் இத்தகைய இழப்பை முதல் நாளிலேயே காட்டிக்கொடுக்கும். உங்களிடம் வரும் கோப்பில் சரியாக 65,536 அல்லது 10,48,576 வரிசை இருந்தால், தரவு வெட்டுப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மூலத்தைக் கேளுங்கள்.

மற்ற கருவிகள்

பாண்டாஸின் ரீட்_சிஎஸ்வி ஃபங்ஷனில் பகுதியின் அளவைச் சொல்லும் சங்க்சைஸ் இருக்கிறது, ரீட்_எக்செல்லில் இல்லை. கோப்பை சிஎஸ்வியாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) வாங்க முடிந்தால் வேலை மிகவும் இலகுவாகிவிடும். எக்செல்லில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். படிக்கும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் முதல் தலைப்பின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் மறைகுறியும் போய்விடும்.

பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பை ஓப்பன்பைஎக்செல் படிக்காது. அதற்கு எக்ஸ்எல்ஆர்டி இருக்கிறது. அங்கே வரிசை வரம்பு சிறியது என்பதால் பகுதி பிரிக்கும் தேவையே அவ்வளவாக வராது.

ஜாவாவில் அப்பாச்சி பிஓஐ லைப்ரரியின் ஈவென்ட் முறையைப் பயன்படுத்துங்கள், கோப்பு முழுவதையும் ஏற்றாமல் படிக்கும் முறை அது. நேரடியாக ஒர்க்புக்கைத் திறக்கும் வழக்கமான முறை பெரிய கோப்புக்குத் தாங்காது. பிஎச்பியில் பிஎச்பிஸ்ப்ரெட்ஷீட் என்ற லைப்ரரி ரீட் ஃபில்டர் தருகிறது. எந்த வரிசைகள் வேண்டும் என்று அதில் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் கோப்பை மறுபடி ஏற்றும் முறை அது, மேலே போட்ட இரண்டரைக் கோடிக் கணக்கு அங்கேயும் பொருந்தும். அதைத்தான் பயன்படுத்த வேண்டிய நிலை என்றால் பகுதியைப் பெரியதாக வைத்து எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் டிஸ்கனெக்ட்ஒர்க்‌ஷீட்ஸைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் மெமரி திரும்பி வராது. வரிசைகளை வரிசையாகப் படித்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஓப்பன்ஸ்பவுட் பொருத்தமானது. ஒரே ஓட்டத்தில் படிப்பதற்காகவே எழுதப்பட்ட லைப்ரரி அது.